சாவிக் கட்டையும் முப்பத்தொன்றாம் எண்ணும்

1. எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டுக்கு அறுபது பெண்கள். அவர்களுக்குக் கழிப்பறை இரண்டு. சாவி ஒன்று.
2. சாவி சூப்பர்வைசரின் மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. எடுப்பவர் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.
3. நான் பன்னிரண்டு வேலை நாட்கள், யார் எப்போது சாவி கேட்டார்கள், எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள் என்று எழுதினேன்.
4. எட்டாவது நாள் முப்பத்தொன்றாம் எண் அக்கா என்னிடம் ஒன்று கேட்டார். மறுத்தேன்.
5. அட்டவணையை மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் பாராட்டினார்.
6. அந்த மாதம் முடிவதற்குள் அக்காவுக்கு வேலை போனது.
7. மூன்றாவது கழிப்பறை கட்டப்படவில்லை.

எண் போட்டு எழுதுவது எனக்கு வீட்டிலிருந்து வந்த பழக்கம். அப்பா கரங்கான் ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், எங்கள் பேச்சில் கித்தாத் தோட்டத்தில், டிரெஸராக இருந்தார். மருந்து கொடுப்பது, புண் கட்டுவது தவிர, வாரத்தில் ஒரு நாள் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கக்கூஸ்களைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக் கொடுப்பதும் அவர் வேலை. எழுபதுகளில், நான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அந்தத் தாளைப் பார்த்திருக்கிறேன். லயத்துக்கு ஒரு வரி. கதவு, தண்ணீர், சாக்கடை என்று மூன்று கட்டம். வாரா வாரம் ஒரே மாதிரிதான் நிரம்பியிருக்கும்: கதவு இல்லை, தண்ணீர் இல்லை, சாக்கடை அடைப்பு. தாள் ஆபீசுக்குப் போகும். அடுத்த வாரம் புதுத் தாள் வரும். கம்பெனிக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வரும் சமயத்தில் மட்டும் சாக்கடை ஓரமெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். சுண்ணாம்பு வாசனை வந்தால் பெரிய கார் வரப்போகிறது என்று லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நாங்கள் இருந்தது ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். அதில் தனிக் கக்கூஸ், உள்தாழ், இழுத்தால் தண்ணீர் கொட்டும் சங்கிலி எல்லாம் உண்டு. தாழில்லாத கதவுக்குப் பின்னால் உட்கார்வது எப்படி இருக்கும் என்று இருபத்திரண்டு வயது வரை நான் யோசித்ததே இல்லை.

அந்த வயதில்தான், எண்பதுகளின் கடைசியில், ஈப்போவில் டெக்னிக்கல் படிப்பை முடித்துவிட்டு இந்தத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் மெல்லிய கையுறைகள் இங்கே தயாராகின்றன. சுற்றிலும் இருக்கும் தோட்டங்களிலிருந்து பெண்களைக் கம்பெனி பஸ் அள்ளிக்கொண்டு வரும். பால் மரம் வெட்டிய கைகளும், எண்ணெய்க்கான செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிய கைகளும் இங்கே அச்சிலிருந்து கையுறை உருவி, உதறி, எண்ணிப் பெட்டியில் அடுக்கின.

முதல் நாள் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி என்னைச் சுற்றிக் காட்டினார். வீட்டுக்குப் போய் நான் எழுதிய குறிப்பு இது. ஆபீஸ் கட்டடத்துக் கழிப்பறை: நீல டைல்ஸ், சோப்பு, வெள்ளைத் துண்டு, காகிதச் சுருள். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருபவர்களுக்கும் ஸ்டாஃபுக்கும். மெக்கானிக் ஆண்களுடையது: மூன்று அறை, பூட்டு இல்லை. பெண்களுடையது: பாய்லருக்குப் பின்னால், தகரக் கூரை, இரண்டு குழி. ஒன்றின் கதவுத் தாழ் போய் ரஃபியா என்னும் பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தது. வெளிக்கதவுக்குப் பூட்டு. விளக்கு இல்லை. தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாய்த் தோங்கு ஒன்றும், அதிலிருந்து முகக்கக் கைப்பிடி உடைந்த ஒரு டின்னும். சாவி ஒன்றுதான் என்பதால், குழி இரண்டு இருந்தும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். ஏன் பூட்டு என்று கேட்டேன். "இல்லன்னா உள்ள போயி கதை பேசுவாளுங்க மிஸ்" என்றார் கிராணி.

நான் டெக்னிஷியன். எனக்கு நீல டைல்ஸ்.

என் வேலை கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில கையுறைகளை எடுத்து, ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் தொங்கவிட வேண்டும். சொட்டினால் லாட் கழிவு. அதற்கு வடிகட்டிய தண்ணீர்தான் வேண்டும் என்று கண்டிப்பு. ஒரே பம்புதான். கையுறைத் தொட்டி நிரம்பிய பிறகே பெண்கள் பக்கத்துத் தோங்குக்குத் தண்ணீர் போகும். தொட்டி நிரம்பவே பத்து மணி ஆகிவிடும். ஏழு மணி ஷிப்டு. காலை மூன்று மணி நேரம் அறுபது பெண்களுக்கும் முந்தின நாள் மிச்சத் தண்ணீர்தான்.

கையுறைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை முப்பத்தொன்றாம் எண் அக்காவுடையது. முப்பது வயதிருக்கும். செர்டாங் பக்கத்துத் தோட்டம். என் கூடத்துக் கண்ணாடி ஜன்னலுக்கு நேர் எதிரே அவருடைய தொட்டி, அதற்குப் பக்கத்தில் சூப்பர்வைசரின் மேசை, ஆணி, சாவி. சாவி தொலையாமல் இருக்க அதைக் ஒரு முழ நீள மரக்கட்டையில் கட்டியிருந்தார்கள். கட்டையோடு போகிறவளைத் தூரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். நாள் முழுவதும் தண்ணீர்ச் சத்தத்தில் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"முப்பத்தொண்ணு!" என்று அவர் கையை உயர்த்துவார்.

"இப்பத்தானே போன?" என்பார் சூப்பர்வைசர் அண்ணன். "உள்ள கடை ஏதும் போட்டிருக்கியாலா?"

"ஆமாண்ணே. நல்ல யாவாரம். பார்ட்னரா சேர்ந்துக்கிறியா? நீ வாசல்ல உக்காந்து சாவி குடு, அதான் உனக்கு நல்லா வருது."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார். ஆனால் சாவியை உடனே கொடுக்க மாட்டார். முன்னால் போனவள் திரும்பி வந்தபின்னும், மேசையில் எதையோ எழுதுவதுபோல ஒரு நிமிடம் கழித்துத்தான் கட்டை கைக்கு வரும்.

மற்றவர்களுக்கு அக்காவின் வாய் கிடையாது. அவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவரும் தேத்தண்ணி சாயங்காலம் அப்படியே பஸ்ஸில் திரும்பிப் போகும். வீட்டுக்குத் தூரமான நாட்களில் துணி மாற்ற ஓர் இடம் கிடையாது. மாற்றினாலும் போட ஒரு தொட்டி கிடையாது. பழைய பேப்பரில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நீர்க்கடுப்பு என்று மாதத்துக்கு நாலைந்து பேர் விடுப்பு எடுப்பார்கள். விடுப்புத் தாளில் 'காய்ச்சல்' என்று எழுதுவார்கள். ஆண்கள் பார்க்கும் தாள்.

நான் நோட்டு எடுத்ததற்குக் காரணம் ஒரு சின்னப் பெண். பத்தொன்பது வயது, புதிதாகச் சேர்ந்தவள், உருவும் வரிசையில் நின்றாள். அன்று சாவிக்குக் கை தூக்கி இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கையைக் கீழே போட்டாள். பிறகு அசையாமல் நின்றாள். அவள் காலடியில் சிமெண்டுத் தரை கறுத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது முப்பத்தொன்றாம் எண் அக்கா எழுந்து, நிறைந்த வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். அவள் அருகில் வந்ததும் வாளி கவிழ்ந்தது. தரை முழுக்கத் தண்ணீர். பெண்ணின் பாவாடையும் முழங்கால் வரை நனைந்துபோனது.

"ஐயோ, வழுக்கிடுச்சுண்ணே! இந்தப் புள்ள மேலயும் ஊத்திட்டேன் பாரு!"

"வடிகட்டின தண்ணிலா அது! கண்ணு எங்க வெச்சிருக்க?"

"மூஞ்சியிலதான். திட்டுறத அப்புறம் திட்டு, மொதல்ல மாப்பு குடு."

அந்தப் பெண் ஈரப் பாவாடையோடு சாயங்காலம் வரை நின்றாள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் நான் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கணக்கு எளிதானது. ஒருவருக்குப் போய்வர நான்கு நிமிடம். அறுபது பேருக்கு இருநூற்று நாற்பது நிமிடம். அதாவது ஒருத்தி ஒருமுறை போய்விட்டால், எல்லோரும் ஒருமுறை போய் அவள் முறை திரும்ப வருவதற்கு நான்கு மணி நேரம். இதைக் காட்டினால் போதும் என்று நம்பினேன். எண், கை தூக்கிய நேரம், சாவி கிடைத்த நேரம், திரும்பிய நேரம் என்று நான்கு கட்டம். பெயர் எழுதவில்லை. அதை நியாயமான ஏற்பாடு என்று நினைத்தேன்.

எட்டாவது நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கூடத்துக் கதவருகில் வந்து நின்றார்.

"பசியாறிட்டியா தங்கச்சி?"

"ஆச்சுக்கா."

"நீ எதையோ எழுதிக்கிட்டே இருக்கியே, என்னாது?"

சொன்னேன். அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். படிக்கத் தெரிந்தவர். விரலை வைத்துத் தன் எண்ணின் வரிசையைக் கீழே வரை பார்த்தார்.

"எழுதினா கக்கூஸ் மொளைச்சிடுமா?"

"கட்டாம இருக்க முடியாதுக்கா. நம்பரப் பாத்தா யாரும் இல்லன்னு சொல்ல முடியாது."

அக்கா விரலைத் தன் வரிசைக்குத் திரும்பக் கொண்டுபோனார். பிறகு, "எனக்கு மட்டும் கொஞ்சம் கொறச்சு எழுதிக்கிறியா?" என்றார். "ஏழுன்னு போட்டிருக்க. மூணுன்னு போடேன்."

"அப்படிப் போட்டா கணக்கு தப்பாயிடும்க்கா. ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சா எல்லாத்தையும் நம்ப மாட்டாங்க."

"அதுவும் சரிதான்" என்றார்.

"பேரு எழுதலக்கா. வெறும் நம்பர்தான்."

அக்கா தன் தொப்பியைக் கழற்றி, அதில் தைத்திருந்த 31-ஐ என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு மறுபடியும் மாட்டிக்கொண்டு தொட்டிக்குப் போய்விட்டார். ஏன் குறைத்து எழுதச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கூச்சப்படுகிறார் என்று நானே ஒரு பதிலை வைத்துக்கொண்டேன். மிச்ச நான்கு நாட்களில் அவர் கை தூக்கியது நாளுக்கு ஐந்து முறைதான். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதையும் ஐந்து, ஐந்து என்று சரியாக எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை, கோவில் பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் ரூலர் வைத்து அட்டவணையைச் சுத்தமாகப் போட்டேன். மிக அதிகம் போன எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். ஓர் ஆளுக்கு இவ்வளவு தேவைப்படலாம் என்று காட்டுவதற்காக.

மேனேஜர் தமிழர்தான். தினமும் பினாங்கிலிருந்து காரில் வருபவர். குரலை உயர்த்திப் பேச மாட்டார். இரண்டு முறை படித்தார்.

"ரொம்ப நீட்டா இருக்கு மிஸ். இந்த மாதிரி ரிப்போர்ட் இங்க யாரும் எனக்குக் குடுத்ததில்ல."

"அதனால சார், இன்னொரு கழிப்பறை. உடனே முடியலன்னா, இன்னொரு சாவியாவது..."

"பாக்கலாம், பாக்கலாம். அப்போ, ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம் போதும்னு சொல்றீங்க."

"சராசரி சார்."

"ரெண்டு தடவன்னு வெச்சா, எட்டு மணி நேரத்துக்குக் கரெக்டா வருது." பென்சிலால் என் தாளின் ஓரத்தில் அந்தக் கணக்கைப் போட்டார். அறுபது, நான்கு, இரண்டு, நானூற்று எண்பது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாமல் வந்தது. பிறகு பென்சில் சிவப்பு வட்டத்தில் நின்றது.

"இது யாரு?"

"ரொம்பத் தேவைப்படறவங்க சார். ஒரு உதாரணத்துக்காக..."

"ஒரு நாளைக்கு ஏழு தடவ." யோசித்தார். "கல்யாணம் ஆனவங்களா?"

அந்தக் கேள்வி காதில் விழுந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஏழு, மூன்று, கடித்த உதடு எல்லாம் சேர்ந்து புரிந்தது. அக்கா சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரக் கடிதம். அந்தக் கடிதம் வந்த பிறகு பிள்ளை உண்டானது தெரிந்தால் சம்பளத்தோடு விடுப்பு, கம்பெனி கிளினிக். அதற்கு முன்னால் தெரிந்தால், 'வேலை திருப்தியில்லை' என்று ஒரு வரியில் அனுப்பிவிடுவார்கள். இது எழுதி ஒட்டப்படாத விதி. பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்டாஃபுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"தெரியாது சார்" என்றேன்.

அக்கா கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு தினமும் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவர். மேனேஜர் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து, ஆள் பதிவேட்டை எடுத்து, முப்பத்தொன்றைத் தேடினார்.

தாளைத் திரும்பக் கேட்க நினைத்தேன். கை நீளவில்லை. அன்று சாயங்காலம் பஸ் கிளம்புமுன் அக்காவைத் தேடிப் போனேன். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, மேனேஜர் கேட்டாரு..."

"சுடா, விடு, தெரியும். கிராணி வந்து சொல்லிட்டாரு. நாளைக்குக் கிளினிக்ல மூத்திரம் புடிச்சுக் குடுக்கணுமாம்." சிரித்தார். "அதுக்கு மட்டும் சாவி கேக்க வேணாமாம்."

கம்பெனி டாக்டரின் சீட்டு மறுநாளே வந்தது. நான்கு மாதம். வாரக் கடைசியில் கடிதம் கொடுத்தார்கள். நிரந்தரமாவதற்கு அப்போது அவருக்கு மூன்று வாரம் பாக்கி.

தொப்பியையும் மேலங்கியையும் திருப்பிக் கொடுக்க வந்த அன்று, அவர் என் கூடத்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"வயித்துல இருந்த மொத புள்ளைய எங்க விட்டேன் தெரியுமா? தோள்ல பால் வாளிக் காண்டா தூக்கிட்டுப் போற வழியில. அதனாலதான் உக்காந்து செய்யிற வேலைன்னு இங்க ஓடி வந்தேன். வீட்டுக்காரருகிட்ட சண்டை போட்டு வந்தேன்."

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுதான். ஒரே ஒரு கோடுதானே கேட்டேன் தங்கச்சி? ஏழுக்குப் பதிலா மூணு. உன் பென்சில் என்ன தேஞ்சா போயிருக்கும்?"

அவர் சூப்பர்வைசரின் மேசைப் பக்கம் திரும்பி, வழக்கமான குரலில், "அண்ணே, கடைய மூடிட்டேன். சந்தோஷமா?" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. ஆணியிலிருந்து கட்டையை எடுத்து, போவதற்கு முன் ஒருமுறை போய்விட்டு வா என்பதுபோல நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டு போனார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் இருந்தது. மலாயில், ஆங்கிலத்தில், தமிழில். ஒரு ஷிப்டில் ஆளுக்கு இரண்டு முறை, முறைக்கு நான்கு நிமிடம். அதற்குக் கீழே என் அட்டவணையின் நகல். கோடுகள் நேராக இருந்தன. சிவப்பு வட்டம் நகலில் கறுப்பாக விழுந்திருந்தது. பெண்கள் அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் விட்டது என்மேல் இரக்கத்தாலா, கோபத்தாலா என்று இன்றுவரை தெரியவில்லை. அதே வாரம் எலெக்ட்ரீஷியன் வந்து ஒரு விளக்குப் போட்டார். கழிப்பறையில் இல்லை. சாவி ஆணிக்கு மேலே, தொப்பியில் இருக்கும் எண் தெளிவாகத் தெரிவதற்காக.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மாதா மாதம் இந்தப் பதிவை நானே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். முடியாது என்று சொல்லப் போனேன். நான் செய்யாவிட்டால் அண்ணன் செய்வார் என்று அவரே சொன்னார். சரி என்றேன்.

அது முதல் நான் உண்மையை எழுதுவதில்லை. யார் எத்தனை முறை கை தூக்கினாலும் இரண்டு. எவ்வளவு நேரமானாலும் நான்கு. எட்டு நிமிடம் கழித்து வந்த புதுப் பெண் ஒருத்தி ஆணியருகில் நின்று என் கண்ணாடியைப் பயத்தோடு பார்த்தாள். நான் நான்கு என்று எழுதி நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அண்ணனுக்கும் தெரியும். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

முதல் மாதம் முடிந்து கூட்டிப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. அறுபது பெண்கள், இரண்டு முறை, நான்கு நிமிடம். எட்டு மணி நேரத்தில் மிகச் சரியாக அடங்குகிறது. யாரும் காத்திருக்கவில்லை. யாருக்கும் குறையில்லை. உண்மையை எழுதினால் இன்னொரு முப்பத்தொன்று மாட்டுவாள். பொய்யை எழுதினால் மூன்றாவது கழிப்பறை வேண்டும் என்பதற்கு ஆதாரமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் எழுத எனக்கு ஒரு வழி தெரியவில்லை.

அக்காவை ஒரே ஒரு முறை கூலிம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். அக்கா செம்பனைக் காட்டில் காண்ட்ராக்டரிடம் உதிரி பொறுக்குவதாக அவரோடு வந்த பெண் சொன்னாள். குழந்தை ஏழாம் மாதத்தில் பிறந்தது, தங்கவில்லை என்றும் அவள்தான் சொன்னாள். அதற்கும் வேலை போனதற்கும் தொடர்பு உண்டா என்று என்னால் நிறுவ முடியாது. ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

இன்றைய நிலை இது. பெண்களுக்குக் கழிப்பறை இரண்டு. சாவி ஒன்று. தாழுக்குப் பதில் கட்டிய ரஃபியா கயிறு மாற்றப்பட்டிருக்கிறது, வேறு ரஃபியா கயிற்றால். தோங்குக்குத் தண்ணீர் பத்து மணிக்கு வருகிறது. முப்பத்தொன்றாம் எண் தொப்பி இப்போது வேறொருத்தியின் தலையில் இருக்கிறது. அவளும் இரண்டு முறை போகிறாள். என் பதிவின்படி, இருக்கும் வசதி போதும்.